இன்பராஜின் வலது கை

ஏழாயிரம்பண்ணை
12-8-1961

அன்புள்ள மதினிக்கு ஜோதி எழுதுவது. ஸ்தோத்திரம்.

நீங்கள் வேலூர் போய்ச் சேர்ந்த கார்டு கிடைத்தது. மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மருத்துவச்சிப் படிப்பு முடிய ஒரு வருடத்துக்கு மேலாகும் என்று உங்கள் தம்பி சொன்னார். பிள்ளை பிறந்த கையோடு கிளம்பிப் போய்விட்டீர்களே என்று எனக்கு வருத்தம்தான். ஆனாலும் உங்கள் ஆஸ்பத்திரியே அனுப்பும்போது என்ன செய்ய முடியும்.

பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறான். தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போனால் எனக்கு இடுப்பு வலிக்கிறது, அவ்வளவு கனம். உங்கள் தம்பி இன்பராஜ் என்று பெயர் முடிவு செய்துவிட்டார். ஞானஸ்நானத்தைக் கிறிஸ்துமஸுக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்மங்காட்டைத் தாண்டினால் வெடி ஆபீஸ். தீபாவளி ஆர்டர் வந்துவிட்டதால் சாயங்காலமானால் சரக்கை வெளியே கொண்டுவந்து வெடித்துப் பார்க்கிறார்கள். நேற்று அடுத்த வீட்டு மாரித்தாய் வந்திருந்தாள். அந்த ஆபீஸில் காகிதக் குழாய் சுருட்டுகிறவள். பிள்ளை அவள் மடியில் கிடந்தான். வெடி வெடித்தது. இடது கை எழும்பி விரிந்து, திரும்பி வந்து நெஞ்சில் சேர்ந்தது. வலது கை கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"வாத்தியாரம்மா, இங்கன பாருங்க. பிள்ளைக்கு ஒத்தக் கைதான துள்ளுது" என்றாள். நான் கவனிக்கவில்லை என்று சொன்னேன். அது பொய். கொஞ்ச நாளாகவே நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் தம்பியிடம் கேட்டால், "பச்சைப்பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுகிறார். பிள்ளையை முதலில் கையில் வாங்கியது நீங்கள். இது எதனால்? தாமதிக்காமல் எழுதுங்கள்.

ஜோதி

*

வேலூர்
17-8-1961

அன்புள்ள ஜோதிக்கு,

கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் காப்பாராக. உன் கடிதத்தை வகுப்பு முடிந்து வந்து படித்தேன்.

பதறாதே. முதலில் நான் சொல்வதைச் செய்து பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுது. இப்படி இருக்குமோ என்று நீ நினைப்பதைச் சேர்க்காதே.

பிள்ளை வயிறு நிறைந்து விழித்திருக்கும்போது சட்டையைக் கழற்றி மல்லாக்கப் படுக்க வை. உன் விரலை அவன் வலது உள்ளங்கையில் வை. இறுக்கிப் பிடிக்கிறானா? மணிக்கட்டு நேராக இருக்கிறதா, மடிந்திருக்கிறதா? அடுத்து முழங்கையை நீயே மடக்கிவிட்டுக் கையை எடு. மடங்கியபடி நிற்கிறதா, நீண்டு விழுகிறதா? கழுத்துக்குக் கீழே காறை எலும்பை விரலால் மெதுவாகத் தடவிப் பார். புடைப்போ நறநறப்போ இருந்தால் எழுது. மூச்சு விடும்போது வயிற்றின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஏறி இறங்குகிறதா? வலது கண்ணிமை இடதைவிடத் தாழ்ந்திருக்கிறதா?

கையைப் பிடித்துத் தூக்காதே. அக்குளில் கை கொடுத்தும் தூக்க வேண்டாம். சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழை. கழற்றும்போது வலது கையைக் கடைசியில் எடு. வேறு யாரும் எண்ணெய் போட்டு உருவ விடாதே.

பூரணி

*

ஏழாயிரம்பண்ணை
26-8-1961

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். பிள்ளையைக் குளிப்பாட்ட வருகிற மருத்துவச்சி செல்லத்தாயும் கூட இருந்தாள்.

விரலை வைத்தால் நன்றாகப் பிடிக்கிறான். விடுவிக்கவே முடியவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் முழங்கையை மடக்கிவிட்டால் நிற்கவில்லை. நீண்டு விழுகிறது. கை உடம்போடு ஒட்டி, உள்பக்கம் திரும்பி, மணிக்கட்டு மடிந்து, உள்ளங்கை பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கை நீட்டி எதையோ வாங்குகிற மாதிரி. காறை எலும்பில் புடைப்பு இல்லை. மூச்சும் கண்ணிமையும் சரியாகவே இருக்கின்றன.

செல்லத்தாய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, குளிப்பாட்டுகிற சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். "உங்க பாட்டுக்கு நிக்கிறீக, சொல்லுங்க" என்றேன். "ஆஸ்பத்திரியில பெத்த பிள்ளை. நான் என்னத்தச் சொல்ல" என்று சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மதினி, எதனால் என்று கேட்டிருந்தேன். அதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

ஜோதி

*

வேலூர்
1-9-1961

அன்புள்ள ஜோதிக்கு,

நீ எழுதியதை இங்கே ஆசிரியராக இருக்கும் டாக்டரம்மாவிடம் படித்துக் காட்டினேன். கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கட்டில் மேல் இரண்டு நரம்புகள் அடிபட்டிருக்கின்றன என்றார்கள். தோளைத் தூக்குவதும் முழங்கையை மடக்குவதும் அந்த நரம்புகளின் வேலை. விரல்களுக்குப் போவது கீழ் நரம்பு, அது தப்பியிருக்கிறது. மூச்சும் இமையும் சரியாக இருப்பது நல்ல அடையாளம். நரம்பு அறுந்திராமல் இழுபட்டு மட்டும் இருந்தால் தானாகவே தேறும். பிறந்து மூன்று மாதத்துக்குள் முழங்கை தானாக மடங்கத் தொடங்கினால் பெரும்பாலும் கை வந்துவிடும் என்றார்கள். மடங்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

தூங்கும்போது வலது கையைத் தோளுக்கு நேராக விரித்து, முழங்கையை மடக்கி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி வை. சட்டைக் கையை ஊக்கால் தலையணையோடு குத்திவிடு. ஊக்கு துணியில்தான் போகிறதா என்று இருமுறை பார். பால் கொடுக்கும் முன்பெல்லாம் ஊக்கை எடுத்துவிட்டு, தோள், முழங்கை, மணிக்கட்டு ஒவ்வொன்றையும் மெதுவாக மடக்கி நீட்டு. இல்லையென்றால் மூட்டு இறுகிவிடும்.

மதுரையிலிருந்து ஓர் எலும்பு டாக்டர் சாத்தூருக்கு வந்து போவதாகக் கேள்விப்பட்டேன். தம்பி ராஜசிங்கைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. நீ கேட்டதை நான் மறக்கவில்லை. பிள்ளை முதலில் தேறட்டும்.

பூரணி

*

ஏழாயிரம்பண்ணை
16-10-1961

மதினிக்கு,

மூன்று மாதம் முடிந்துவிட்டது. முழங்கை மடங்கவில்லை.

நேற்று சாத்தூர் போனோம். அந்த டாக்டர் பிள்ளையை மேசையில் கிடத்தி நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், தொடவில்லை. பிறகு இரண்டு கையையும் ஒன்றாகத் தூக்கி, ஒன்றாக விட்டார். இடது கை தயங்கித் தயங்கி இறங்கியது. வலது கை ஈரத்துணி மாதிரி விழுந்தது. மேல்கையின் வெளிப்புறத்தில் ஊசி முனையால் கீறினார். பிள்ளை கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். உள்ளங்கையில் குத்தியதும் அலறினான். "நல்லது" என்றார். என் பிள்ளை அழுவதை ஒருவர் நல்லது என்று சொன்னது முதல் தடவை. முழங்கையை விலாவோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கம் திருப்பினார். இடது பக்கம் முழுக்கப் போனது. வலது பக்கம் பாதியிலேயே நின்றுவிட்டது. இப்போதே தோள் இறுகத் தொடங்கிவிட்டதாம். குப்புறப் போட்டுத் தோள்பட்டை எலும்பைத் தடவினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"பிரசவத்துல தோள் மாட்டிக்கிட்டதா?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் உங்கள் தம்பி, "ஆமா சார்" என்றார்.

பெற்றவளுக்குத் தெரியாதது வெளியே மரத்தடியில் நின்றவருக்கு எப்படித் தெரியும்? பஸ்ஸில் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்தும் கேட்டேன். "அக்காகிட்டக் கேட்டுக்கோ" என்றார்.

கேட்கிறேன். அன்றைக்கு நான் மயங்கிக் கிடந்தபோது என்ன நடந்தது?

ஜோதி

*

வேலூர்
21-10-1961

ஜோதி,

நடந்ததை எழுதுகிறேன்.

அன்று எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா மல்லாங்கிணறு முகாமுக்குப் போயிருந்தார்கள். உனக்கு முந்தின நாளிலிருந்தே வலி. தலை வெளியே வந்தது. வந்த தலை மறுபடி உள்ளே போவதுபோலப் பின்வாங்கி உன் உடம்போடு ஒட்டிக்கொண்டது. முன்தோள் உன் இடுப்பெலும்புக்குப் பின்னால் மாட்டியிருந்தது. நீ முக்கினாய், வரவில்லை. பிறகு உனக்கு நினைவு தப்பிவிட்டது. பிள்ளையின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. உதடு நாவற்பழம் மாதிரி ஆகிவிட்டது. கூட இருந்தது ஆயா ஒருத்திதான். அவள் ஜெபம் பண்ணத் தொடங்கிவிட்டாள்.

நான் தலையை இரண்டு கையாலும் பிடித்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து இழுத்தேன். முதலில் பயந்து இழுத்தேன். அதற்குப் பிறகு பயமில்லாமல் இழுத்தேன். தோள் விடுபட்டது என் கைக்குத் தெரிந்தது. பிள்ளை வெகுநேரம் அழவில்லை. காலைப் பிடித்துத் தட்டி, வாயில் ஊதி, அதன் பிறகு அழுதான். அழும்போது இடது கையைத்தான் ஆட்டினான். அதை அப்போதே பார்த்தேன்.

வெளியே வந்து ராஜசிங்கிடம் சொன்னேன். பிள்ளை பிழைத்துவிட்டான், ஆனால் இழுத்ததில் வலது கைக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜோதிட்டச் சொல்லிராதீங்கக்கா. அவ தாங்க மாட்டா. தானாச் சரியாயிட்டா அவளுக்குத் தெரியவே வேண்டாம்" என்றான். நானும் சரி என்றேன். அவனுக்காகச் சரி என்றேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அது வசதியாக இருந்தது.

பூரணி

*

ஏழாயிரம்பண்ணை
2-11-1961

மதினிக்கு,

கடிதம் கிடைத்தது.

அக்காளும் தம்பியும் மரத்தடியில் நின்று நான் எதைத் தாங்குவேன், எதைத் தாங்க மாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். நான் உள்ளே கிழிந்து கிடந்தேன். அதைத் தாங்கத்தான் செய்தேன். ஊக்கை எப்படிக் குத்துவது என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு, இதை எழுத நான் மூன்று தரம் கேட்க வேண்டியிருந்தது.

எதனால் என்று தெரியாமல் நான் என்னையே சந்தேகப்பட்டேன். கர்ப்பமாக இருக்கும்போது தண்ணிக்குடம் தூக்கியதாலோ, ஒருக்களித்துப் படுத்ததாலோ என்று ஒவ்வொன்றாக நினைத்து அழுதேன். உங்கள் தம்பி பக்கத்தில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவரோடு நான் பேசுவதில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

ஜோதி

*

வேலூர்
10-2-1962

ஜோதி,

எழுத வேண்டாம் என்றாய். கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிட்டது. இதையும் திருப்பிவிடாதே. இது உனக்கு எழுதியதல்ல, பிள்ளையின் கைக்கு எழுதியது.

இப்போது அவன் உட்காரும் பருவம். டாக்டரம்மா ஒரு சோதனை சொன்னார்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, முகத்தின் மேல் மெல்லிய துணி ஒன்றைப் போடு. எந்தக் கையால் எடுத்து எறிகிறான் என்று பார். இடது கையால் எடுத்தால், மறுபடி போட்டு, இந்தத் தடவை இடது கையை நீ பிடித்துக்கொள். வலது கை துணி வரைக்கும் போகிறதா, பாதி வழி போகிறதா, அசையவே இல்லையா? மூக்கை அடைக்காத துணியாக இருக்கட்டும். ஒரு நிமிஷத்துக்கு மேல் வைக்காதே. அதைப் பொறுத்துத்தான் இனி என்ன செய்யலாம் என்று சொல்வார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இனி எதையும் உன்னிடம் மறைப்பதில்லை. போன வாரம் வகுப்பில் தோள் மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தாயின் முட்டியை வயிற்றோடு சேர்த்து மடக்க வேண்டும். ஒருத்தி அடிவயிற்றில் கை வைத்துத் தோளை அழுத்த வேண்டும். உள்ளே இரண்டு விரலை விட்டுப் பிள்ளையின் தோளைத் திருகாணி மாதிரித் திருப்ப வேண்டும். தலையை இழுக்கக் கூடாது. எழுதிக் கொள்ளுங்கள் என்றார்கள். எல்லாரும் எழுதினார்கள். நான் எழுதவில்லை. மறந்துபோகக்கூடியதாக அது எனக்குத் தோன்றவில்லை.

பூரணி

*

ஏழாயிரம்பண்ணை
4-3-1962

மதினிக்கு,

சோதனையைச் செய்தேன். பிள்ளையின் கைக்காகத்தான் எழுதுகிறேன்.

உங்கள் தம்பியின் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து முகத்தில் போட்டேன். இடது கையால் உடனே எடுத்துவிட்டுச் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டான். மறுபடி போட்டு இடது கையைப் பிடித்துக்கொண்டேன். துணிக்கு அடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. வலது கை கொஞ்சம் அசைந்தது. முழங்கை முதல் தடவையாகத் தானாக மடங்கியது, மதினி. நான் பார்த்தேன். ஆனால் தோள் எழும்பவில்லை. மடங்கிய கை வயிற்றின் மேலேயே கிடந்து தவித்தது. அவன் தலையை இரண்டு பக்கமும் உருட்டி, கேவி, கடைசியில் அழுதான். நான் அப்போதும் இடது கையை விடவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் தூக்கிவிடுவான் என்று நினைத்தேன்.

உங்கள் தம்பி உள்ளே வந்து துணியை எடுத்து எறிந்தார். "என்ன பண்ணுற நீ" என்றார். மாதக்கணக்கில் அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு. "உங்க அக்கா சொன்ன சோதனை. உக்காந்து பாருங்க" என்றேன். உட்கார்ந்தார். மறுபடி செய்யச் சொன்னேன், அவர் கையாலேயே. அவரால் முடியவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் தேற்றவில்லை. ஆனால் அன்றிலிருந்து பிள்ளையின் கையை மடக்கி நீட்டுவதை அவர்தான் செய்கிறார்.

ஜோதி

*

வேலூர்
12-3-1962

ஜோதி,

டாக்டரம்மாவிடம் சொன்னேன். முழங்கை தாமதமாக மடங்கியிருப்பதால் கை பாதிதான் வரும் என்றார்கள். தோள் இனி முழுதும் எழும்பாது. ஐந்தாறு வயதில் தசையை மாற்றிக் கட்டும் ஆபரேஷன் செய்யலாம். அதற்கும் பயன் ஓரளவுதான். இதை மென்மையாக எழுதப் பல தாள் கிழித்தேன். உனக்கு அப்படி எழுதக் கூடாது என்று தெரிந்துகொண்டு இப்படி அனுப்புகிறேன்.

பூரணி

*

ஏழாயிரம்பண்ணை
9-10-1962

மதினிக்கு,

நீங்கள் படிப்பு முடிந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டதாக உங்கள் தம்பி சொன்னார். அதனால் அந்த விலாசத்துக்கு எழுதுகிறேன்.

அடுத்த வீட்டு மாரித்தாய் நிறைமாதமாக இருந்தாள். சீசன் என்பதால் வலி வந்த அன்று காலைவரை வெடி ஆபீஸுக்குப் போய்க் குழாய் சுருட்டினாள். மத்தியானம் அங்கிருந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள். சாத்தூர் போக பஸ் இல்லை. லோடு ஏற்றி நின்ற லாரிக்காரனிடம் அவள் புருஷன் சங்கிலிமுத்து கெஞ்சினான். "வெடி லோடுல ஆளை ஏத்த முடியாதுப்பா, ஏதும் ஆச்சுன்னா எல்லாரும் போயிருவோம்" என்றான் அவன். அவனைக் குறை சொல்ல முடியாது. வண்டி பூட்டப் போனார்கள். அதற்குள் செல்லத்தாய் என்னைக் கூப்பிட்டாள்.

தலை வந்துவிட்டது. வந்தது, பின்வாங்கியது, ஒட்டிக்கொண்டது. நீங்கள் எழுதியிருந்தது அப்படியே என் கண் முன்னால் நடந்தது. "தோள் மாட்டிக்கிருச்சு" என்றேன். செல்லத்தாய்க்கும் தெரிந்தது. தலையில் கை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். என் பக்கம் திரும்பி, "வாத்தியாரம்மா, உங்க பிள்ளை கையப் பாத்தப்புறம் எனக்கு இழுக்க வரமாட்டேங்குது" என்றாள்.

முட்டியை மடக்க வேண்டும் என்று எனக்கு நினைவு வந்தது. மடக்கினேன். அடிவயிற்றில் அழுத்து என்றேன். எங்கே, எப்படி என்று அவள் கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே விரல் விட்டுத் திருப்பச் சொன்னேன். எந்தப் பக்கம் என்றாள். நான் படித்திருந்தது அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கையில் பிள்ளையின் முகம் கறுத்தது. நாவற்பழம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த நிறம்தான். அப்போது நான் கத்தினேன், "இழுங்க, கை போனாப் போகட்டும், இழுங்க" என்று. அவள் இழுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மாரித்தாய் பிழைத்துக்கொண்டாள். ஆண் பிள்ளை. நான்தான் குளிப்பாட்டினேன். இரண்டு கையும் நன்றாக இருந்தன. முழங்கையை மடக்கிப் பார்த்தேன். எதற்காக மடக்கினேன் என்று கேட்காதீர்கள். மறுநாள் மாரித்தாய் இன்பராஜை மடியில் வைத்துக்கொண்டு, அவன் வலது கையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

உங்கள் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். மறைத்ததற்கு இன்னும் கோபம் இருக்கிறது. இழுத்ததற்கு இல்லை. அதை மட்டும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

செல்லத்தாய் இனி பிரசவத்துக்கே போக மாட்டேன் என்கிறாள். அவள் போகாவிட்டால் இந்த ஊரில் வேறு யார்? இதே தெருவில் மாதமாக இருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் வந்து அந்தத் திருப்புகிற முறையை அவளுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுங்கள். கடிதத்தில் எழுதினால் போதாது. நான் படித்துப் பார்த்துவிட்டேன்.

உங்கள் தம்பி சாத்தூர் பஸ்ஸுக்கு வந்து நிற்பார்.

ஜோதி

*

ஆஸ்பத்திரியிலிருந்து
15-10-1962

அன்புள்ள ஜோதிக்கு,

சனிக்கிழமை வருகிறேன். மறுபடி பிரசவம் பார்க்க இங்கே எனக்கும் கை வரவில்லை. திரும்பி வந்ததிலிருந்து ஆண்கள் வார்டில்தான் வேலை கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

பழைய சேலை இரண்டும் கொஞ்சம் பஞ்சும் எடுத்து வை. தலையும் தோளும் உள்ள பொம்மை ஒன்று தைத்துக்கொள்வோம். மாரித்தாய் இருக்கும் பக்கம் வைத்து வேண்டாம், பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று ராஜசிங்கிடம் சொல்.

செல்லத்தாயிடம் என்னைப் படித்த நர்ஸ் என்று சொல்லாதே. உன் பிள்ளையை இழுத்தவள் நான்தான் என்று முதலிலேயே சொல்லிவிடு. அப்போதுதான் கேட்க வேண்டியதை என்னிடம் பயமில்லாமல் கேட்பாள்.

பூரணி